சார்பிட்ரேட் அடைப்பைத் திறக்குமா? ரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகள் உண்மையில் செய்யும் வேலை

மாரடைப்பு வந்தால் உடனே போட வேண்டிய மாத்திரைகள் என்று ஒரு பட்டியல் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து போகிறது. 2024 தொடக்கத்தில் கான்பூரில் உள்ள அரசு இதய மருத்துவமனை ஒன்று 7 ரூபாய்க்கு ஒரு சிறு மாத்திரைப் பொட்டலத்தை அறிமுகப்படுத்தியதும் இந்தப் பேச்சு இன்னும் கூடியது. அதில் மூன்று மருந்துகள்: அஸ்பிரின், ரோசுவாஸ்டாட்டின், சார்பிட்ரேட்.

தமிழ்நாட்டில் நடைமுறை வேறு. 2023இல் அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளை ஒரே தடவையில் கொடுத்துவிட்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. சார்பிட்ரேட் அதில் இல்லை.

நாக்குக்கு அடியில் வைத்தால் ரத்தக்குழாய் விரியும் என்று ஊருக்கே தெரிந்த மருந்து அது. நெஞ்சு வலிக்கு உடனடி நிவாரணம் தருவதும் அதுதான். பிறகு எப்படி 14 மாத்திரையில் ஒன்றாகக்கூட அது இல்லாமல் போனது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், ரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகள் எந்தக் குழாயை விரிக்கின்றன, விரித்து என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பதில் பலர் நினைப்பது போல இருக்காது.

குழாய்ச் சுவரில் இருக்கும் தசை

இதயத்தில் இருந்து ரத்தத்தைக் கொண்டு போகும் குழாய் தமனி. திரும்பக் கொண்டு வருவது சிரை. இரண்டின் சுவரிலும் வளையம் வளையமாகத் தசை உண்டு. கை கால் தசை போல நாம் நினைத்தால் அசைகிற தசை இல்லை இது. நரம்பும் ஹார்மோனும் குழாயின் உள் தோலும் இதற்கு உத்தரவு போடும். தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால் அது இறுகும், குழாய் சுருங்கும். கால்சியம் குறைந்தால் தளரும், குழாய் விரியும்.

உடம்பின் மொத்த ரத்தத்தில் பாதிக்கு மேல் எந்த நேரத்திலும் சிரைகளில்தான் இருக்கும். அங்கே அழுத்தம் மிகக் குறைவு. ரத்த அழுத்தத்தை, அதாவது நாம் ‘பிரஷர்’ என்று அளப்பதை, முடிவு செய்பவை தமனிகளின் கடைசிக் கிளைகளான நுண்தமனிகள். ஆகவே ஒரு மருந்து ‘ரத்தக்குழாயை விரிக்கும்’ என்று சொன்னால் அடுத்த கேள்வி, சிரையையா நுண்தமனியையா என்பதுதான். சார்பிட்ரேட் உள்ளிட்ட நைட்ரேட் வகை மருந்துகள் முக்கியமாகச் சிரையை விரிக்கும். பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் நுண்தமனியை விரிக்கும். ‘பிரில்’, ‘சார்டன்’ என்று பெயர் முடியும் மருந்துகள் இரண்டையுமே ஓரளவு விரிக்கும். ஒரே பெயரில் அழைத்தாலும் இவை செய்யும் வேலைகள் வெவ்வேறு.

அளவைப் பொறுத்தவரை ஒரு கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, 16இல் ஒரு பங்காகிவிடும். ஆரம் 10 சதவீதம் கூடினால் ஓட்டம் கிட்டத்தட்ட 46 சதவீதம் கூடும். நுண்தமனித் தசையில் ஏற்படும் சின்ன மாற்றம்கூடப் பிரஷரை அப்படி ஆட்டி வைப்பதற்குக் காரணம் இதுதான்.

வலி வருவது எதனால்

இதயத் தசைக்கு ரத்தம் கொடுப்பவை அதன் மேல் ஓடும் கரோனரி தமனிகள். மற்ற தசைகள் தமக்கு வரும் ரத்தத்தில் இருந்து கொஞ்சம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். இதயம் அப்படி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வருவதில் ஏறக்குறைய 70 சதவீதத்தை உறிஞ்சிவிடுகிறது. வேலை கூடினால் இன்னும் உறிஞ்ச இடமில்லை, கூடுதலாக ரத்தம் வந்தாக வேண்டும். தமனியின் குறுக்களவில் சுமார் 70 சதவீதம் கொழுப்புப் படிவால் அடைந்துவிட்டால் அந்தக் கூடுதல் ரத்தம் வராது. மாடி ஏறும்போதோ சுமை தூக்கும்போதோ நெஞ்சை அழுத்தி, உட்கார்ந்ததும் விட்டுப்போகும் வலி இந்தப் பற்றாக்குறையின் குரல். மருத்துவத்தில் இதற்கு ஆஞ்சைனா என்று பெயர்.

பம்புசெட் வைத்திருப்பவருக்கு இது சட்டென்று புரியும். லோ வோல்டேஜில் மோட்டார் ஓடுகிறது. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருப்பதால் லோடு அதிகம், மோட்டார் காயில் சூடாகிறது. செய்யக்கூடியது இரண்டு. வரும் கரண்டைச் சரி செய்யலாம். அல்லது மேல்தொட்டிக்கு ஏற்றுவதை விட்டுவிட்டு வாய்க்காலிலேயே தண்ணீரை விட்டு லோடைக் குறைக்கலாம். இரண்டாவதைச் செய்தாலும் மோட்டார் தப்பித்துவிடும், ஆனால் கரண்டு அப்படியேதான் இருக்கும்.

நைட்ரேட் செய்வது இரண்டாவது வேலை. சிரைகள் விரிந்ததும் ரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. அதன் அறைகள் குறைவாக நிரம்புகின்றன, சுவரில் இழுவிசை குறைகிறது, ஆக்சிஜன் தேவையும் இறங்குகிறது. வலி நிற்கிறது. அடைப்பு நேற்று எங்கே இருந்ததோ இன்றும் அங்கேயே இருக்கிறது.

தோட்டாவில் இருந்த மருந்து

நைட்ரேட் குடும்பத்தின் மூத்தது நைட்ரோகிளிசரின். கொங்கு நாட்டில் பாறையைத் தமர் போட்டுத் தோட்டா வைத்து உடைத்துக் கிணறு வெட்டிய தலைமுறைக்கு இந்தப் பொருளோடு தொடர்பு உண்டு. மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ஏறினால் குன்னூருக்கு அடுத்து அருவங்காடு. அங்கே பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. கார்டைட் என்பது புகை அதிகம் வராத துப்பாக்கி மருந்து, அதன் முக்கியச் சேர்மானங்களில் ஒன்று நைட்ரோகிளிசரின்தான்.

1847இல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரெரோ இதை முதலில் உருவாக்கினார். துளி அளவு நாக்கில் வைத்துப் பார்த்தவருக்குத் தலை பிளக்கிற வலி. அந்தத் தலைவலியும் இதன் மருந்துக் குணமும் ஒன்றின் இரண்டு பக்கம். தலையில் உள்ள ரத்தக்குழாய்களும் விரிவதால் வரும் வலி அது. 1867இல் ஆல்ஃபிரட் நோபல் இதைக் களிமண் போன்ற ஒரு மண்ணில் ஊற வைத்து டைனமைட் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டில் ஸ்காட்லாந்து மருத்துவர் லாடர் பிரன்டன், அமைல் நைட்ரைட்டை முகர வைத்தால் நெஞ்சு வலி நிற்கிறது என்று எழுதினார். 1879இல் வில்லியம் மரெல் நைட்ரோகிளிசரினை நீர்த்த கரைசலாகக் கொடுத்து அதே பலனைக் காட்டினார். 1896இல் இதய நோயாளியாக இருந்த நோபலுக்கே மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுத்தார்கள். விதியின் விளையாட்டைப் பாருங்கள் என்று அவரே கடிதத்தில் நொந்துகொண்டார். சில வாரங்களில் இறந்தும் போனார்.

ஏன் விரிகிறது என்பது தெரிய இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின. நைட்ரோகிளிசரின் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறித் தசையைத் தளர்த்துகிறது என்று 1977இல் ஃபெரிட் முராத் காட்டினார். குழாயின் உள் தோல் தானாகவே ஏதோ ஒன்றைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறது என்று 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் கண்டார். அதுவும் நைட்ரிக் ஆக்சைடுதான் என்று தெரிந்தபோது எல்லாருக்கும் வியப்பு. வாகனப் புகையில் வருகிற வாயுவை உடம்பே தயாரிக்கும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. இவர்கள் இருவருக்கும் லூயி இக்னாரோவுக்கும் 1998இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

நோயாளிக்கு அதைவிடப் பயன்படும் செய்தி வெடிமருந்து ஆலைகளில் இருந்து வந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வருபவர்களுக்குத் தலைவலியும் மயக்கமும் வரும். வாரம் போகப் போகச் சரியாகிவிடும். ஞாயிறு விடுமுறை, திங்கள் மறுபடி தலைவலி. உடம்பு நைட்ரேட்டுக்குப் பழகிவிடுகிறது, ஒரு நாள் விட்டால் பழக்கம் போய்விடுகிறது என்பதே இதன் பொருள். இன்னொரு பக்கமும் உண்டு. பழகிய உடம்பில் இருந்து திடீரென்று நைட்ரேட் விலகினால் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும். வார விடுமுறையில் சில தொழிலாளிகளுக்கு நெஞ்சு வலியும் மரணமும்கூட நேர்ந்தன.

இன்றைய மாத்திரைச் சீட்டில் இதன் சுவடு இருக்கிறது. ஐசோசார்பைட் மோனோநைட்ரேட் 20 மில்லிகிராம் மாத்திரையைக் காலை 8 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் என்று எழுதுவார்கள். ‘ஒரு நாளைக்கு இரண்டு வேளை’ என்றால் காலை, இரவு என்று நாமாகவே மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த மருந்தில் அது கூடாது. தினமும் 10 முதல் 12 மணி நேரம் உடம்பில் நைட்ரேட் இல்லாமல் இருந்தால்தான் மறுநாள் வேலை செய்யும். 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று சரிசமமாகப் பிரித்துப் போடுபவர், மாத்திரையைச் சரியாகப் போட்டும் பலன் இல்லையே என்று மருத்துவரிடம் திரும்பி வருவார்.

அடைப்பு ஏன் அப்படியே இருக்கிறது

இந்த இடத்தில்தான் பெரும்பாலான குழப்பம் என்பதால் படிப்படியாகப் பார்ப்போம்.

1. தமனியில் இருக்கும் படிவு கொழுப்பு, நார், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து இறுகியது. அதில் தளர்த்துவதற்குத் தசை இல்லை. நைட்ரேட் தசையிடம்தான் பேசும்.

2. அடைப்புக்கு எதிர்ப்புறச் சுவரில் நல்ல தசை மிச்சம் இருந்தால் அந்த இடம் கொஞ்சம் விரியும். பெரிய கரோனரி தமனிகள் நைட்ரேட்டில் விரிவது உண்மைதான். பக்கத்துக் கிளைகள் வழியாக ஓரளவு கூடுதல் ரத்தமும் வரும். இதெல்லாம் உதவிதான், ஆனால் வலி குறைவதில் பெரும் பங்கு சுமை இறங்குவதற்கே.

3. அடைப்பைத் தாண்டி இருக்கும் நுண்தமனிகள் ரத்தம் போதாமல் ஏற்கெனவே முழுதாக விரிந்து கிடக்கின்றன. மருந்து கொடுத்து அவற்றை மேலும் விரிக்க முடியாது. நுண்தமனியைப் பலமாக விரிக்கும் டைபிரிடமோல் போன்ற மருந்தைக் கொடுத்தால் அடைப்பில்லாத பக்கத்துக் குழாய்கள் விரிந்து ரத்தத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். தவிக்கும் பகுதிக்கு இருந்ததும் குறையும். ஸ்கேன் பரிசோதனையில் அடைப்பைக் கண்டுபிடிக்க இந்தக் குணத்தையே பயன்படுத்துகிறார்கள்.

4. மாரடைப்பு என்பது வேறு நிகழ்வு. படிவு வெடித்து அதன் மேல் ரத்தம் கட்டியாக உறைந்து, குழாய் முழுதாக மூடிக்கொள்கிறது. 50 சதவீதம்கூட அடைக்காத படிவும் வெடிக்கலாம். அதுவரை ஒரு வலியும் இல்லாதவருக்கு மாரடைப்பு வருவது இதனால்தான். உறைந்த ரத்தக் கட்டியை எந்த விரிப்பு மருந்தும் கரைக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சிலருக்குப் படிவு அதிகம் இல்லாமலே கரோனரி தமனி இழுத்துப் பிடித்துச் சுருங்கும். விடியற்காலையில் ஓய்வில் இருக்கும்போதே வலி வரும். இந்த வகைக்கு நைட்ரேட்டும் கால்சியம் தடுப்பு மருந்தும்தான் முதன்மை மருந்துகள், ஏனென்றால் அங்கே குற்றவாளி தசையே.

சரி, சுமையைக் குறைப்பதால் மாரடைப்பில் உயிர் பிழைப்பது கூடுமா? பெரிய அளவில் சோதித்தார்கள். 1995இல் வெளியான ஐசிஸ்-4 ஆய்வில் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 58,050 நோயாளிகள் பங்கேற்றார்கள். மோனோநைட்ரேட் பெற்றவர்களில் 5 வாரங்களுக்குள் இறந்தவர்கள் 7.34 சதவீதம், பெறாதவர்களில் 7.54. இந்த வித்தியாசத்தைப் பலன் என்று சொல்ல முடியாது. 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 17,187 பேர். ஒரு மாதம் தினமும் கொடுத்த சாதாரண அஸ்பிரின், 5 வாரங்களில் இதய, ரத்தக்குழாய் மரணங்களை 23 சதவீதம் குறைத்தது. அதோடு கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் போட்டவர்களுக்கு 42 சதவீதம்.

14 மாத்திரையில் அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இருப்பதும் சார்பிட்ரேட் இல்லாததும் இந்தக் கணக்கோடு பொருந்திப் போகிறது. ரத்தத் தட்டணுக்கள் மேலும் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது முதல் இரண்டின் வேலை. படிவை அமைதிப்படுத்துவது ஸ்டாட்டினின் வேலை. வலி குறைப்பதும் மனிதாபிமானம்தான், அதை இ.சி.ஜி. பார்த்து, பிரஷர் பார்த்து மருத்துவமனையில் செய்துகொள்ளலாம்.

அம்லோடிபினும் கணுக்கால் வீக்கமும்

‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே வரும் பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபின் முக்கியமானது. ‘டிபின்’ என்று முடியும் இந்தக் குடும்பம் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கிறது. நுண்தமனிகள் தளர்ந்து பிரஷர் இறங்கும், ஆஞ்சைனா வலியும் குறையும். உடம்பில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மருந்து என்பதால் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும்.

பக்க விளைவு, கால் வீக்கம். விசைத்தறியில் நின்று வேலை பார்ப்பவருக்கும் பனியன் கம்பெனியில் அயர்ன் மேசை முன் நிற்பவருக்கும் சாயங்காலம் கணுக்கால் பொதபொதவென்று ஆகும். சிறுநீரகம் போய்விட்டதோ என்று பயந்து சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். நுண்தமனி விரிந்த அளவுக்குச் சிரை விரியாததால் நடுவில் இருக்கும் மெல்லிய குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் வெளியே கசிகிறது. உப்பு தேங்கி வரும் வீக்கம் இல்லை இது, அதனால் நீர் மாத்திரைக்கும் பெரிதாக மசியாது. அளவைக் குறைப்பதும், சிரையையும் சேர்த்து விரிக்கும் ‘பிரில்’ அல்லது ‘சார்டன்’ மருந்தோடு இணைப்பதும் பலன் தரும். வீக்கத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் மருத்துவர் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

இதே குடும்பத்து நிஃபெடிபின் கேப்சூலைக் குத்தி நாக்குக்கு அடியில் விடும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ‘பிரஷர் 200 ஆயிருச்சு, உடனே இறக்கணும்’ என்ற பதற்றத்தில் செய்வது. பிரஷர் ஒரேயடியாகச் சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்த சம்பவங்களைத் தொகுத்து, இதை நிறுத்துங்கள் என்று 1996இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. வேகமாக விரிப்பது நல்லதில்லை என்ற பாடம் அங்கேதான் உறைத்தது.

உயிரைக் காத்த விரிப்பும் காக்காத விரிப்பும்

இதயச் செயலிழப்பில், அதாவது இதயத் தசை தளர்ந்து பம்ப் செய்யும் சக்தி குறைந்த நிலையில், விரிப்பு மருந்துகளின் கதை இன்னும் சுவாரசியமானது. எதிரே உள்ள அழுத்தத்தைக் குறைத்தால் பலவீனமான இதயமும் கூடுதலாக ரத்தம் தள்ளும் என்பது யோசனை. அப்படியானால் எந்த மருந்தால் விரித்தால் என்ன?

1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பிரசோசின் என்ற மருந்து பிரஷரைக் குறைத்தது, ஆனால் ஆயுளைக் கூட்டவில்லை. ஹைட்ராலசின் என்ற விரிப்பு மருந்தும், சார்பிட்ரேட்டில் இருக்கும் ஐசோசார்பைட் டைநைட்ரேட்டும் சேர்ந்த கூட்டு ஆயுளைக் கூட்டியது. 1991இல் அதே கூட்டையும் எனலாப்ரிலையும் மோதவிட்டார்கள். உடற்பயிற்சித் திறனைக் கூட்டுவதில் ஹைட்ராலசின் கூட்டு ஒரு படி மேலே நின்றது. உயிர் காப்பதில் எனலாப்ரில் ஜெயித்தது. அதற்கு முன்பே 1987இல், மிகவும் முற்றிய இதயச் செயலிழப்பு உள்ள 253 பேரிடம் செய்த ஆய்வில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் எனலாப்ரில் பெற்றவர்களில் 26 சதவீதம், பெறாதவர்களில் 44 சதவீதம்.

எனவே குழாய் எவ்வளவு விரிகிறது என்பதை மட்டும் வைத்து மருந்தின் தரத்தை எடை போட முடியாது. ‘பிரில்’ வகை மருந்துகள் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாவதைத் தடுக்கின்றன. அந்த ஹார்மோன் குழாயைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. உப்பைத் தேக்குகிறது, இதயச் சுவரில் நாரை வளர்க்கிறது, இதயத்தின் வடிவத்தையே கெடுக்கிறது. அதை அடக்குவதில்தான் பெரும் லாபம். விரிவது கூடவே வரும் பலன்.

இந்தக் குடும்பம் பிறந்தது பிரேசில் நாட்டுக் குழிவிரியன் பாம்பின் விஷத்தில் இருந்து. அந்த விஷம் ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். காரணத்தைத் துருவிய செர்ஜியோ ஃபெரைராவின் கண்டுபிடிப்பில் தொடங்கிய வழி, கேப்டோப்ரில் மாத்திரையாக முடிந்தது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வறட்டு இருமல் இதன் பிரசித்தமான தொல்லை. இருமல் தாங்காதவருக்கு லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற ‘சார்டன்’கள். இப்போது இதயச் செயலிழப்புக்குப் பலரும் வாங்கும் சாக்குபிட்ரில், வல்சார்டன் கூட்டு மருந்து எனலாப்ரிலையும் முந்தியதாக 2014இல் ஆய்வு வந்தது. ‘பிரில்’ மாத்திரையில் இருந்து இதற்கு மாறுபவர் நடுவே 36 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும் அபாயம் உண்டு. வீட்டில் பழைய பட்டை மிச்சம் இருந்தால் இரண்டையும் கலந்து போட்டுவிடக் கூடாது.

‘பிரில்’, ‘சார்டன்’ போடுபவர்கள் இரண்டு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதலாவது வலி மாத்திரை. மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்றவை, இந்த மருந்தோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்தில் இருந்தும் அடி. இரண்டாவது பொட்டாசியம். இந்த மருந்துகள் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கும். பொள்ளாச்சி இளநீர் ஒன்றில் ஒரு வாழைப்பழத்தில் இருப்பதைவிட அதிகப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்குக் கவலை இல்லை. கிரியாட்டினின் ஏறியவர், பொட்டாசியத்தை நிறுத்தி வைக்கும் நீர் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோனும் சேர்த்துப் போடுபவர் தினமும் இளநீர் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். உடம்புக்குக் குளிர்ச்சி என்ற நல்லெண்ணத்தில் வரும் ஆபத்து இது.

நிக்கோராண்டில் என்று இன்னொன்று. ஜப்பானில் உருவானது, பாதி நைட்ரேட் குணம், பாதி வேறு குணம். மற்ற மருந்துகளுக்கு அடங்காத ஆஞ்சைனாவுக்குத் தருவார்கள். வாயில் ஆறாத புண் வந்தால் இந்த மாத்திரையையும் சந்தேகிக்கலாம்.

சட்டைப்பையில் சார்பிட்ரேட் யாருக்கு

ஏற்கெனவே ஆஞ்சைனா என்று உறுதியாகி, மருத்துவர் எழுதிக் கொடுத்தவருக்கு இது அருமையான மருந்து. பரிசோதனை எதுவும் செய்யாமல் குடும்பத்துக்கு ஒரு பட்டை வாங்கி வைப்பது சரியில்லை என்பதற்குக் காரணங்கள் இவை:

1. பிரஷர் ஏற்கெனவே குறைந்திருந்தால் இன்னும் சரியும். மேல் அளவு 90க்குக் கீழே இருந்தால் மருத்துவமனையிலேயே இதைக் கொடுக்க மாட்டார்கள். மாரடைப்பில் சிலருக்குப் பிரஷர் தானாகவே விழுந்திருக்கும். வீட்டில் அளக்காமல் தெரியாது.

2. இதயத்தின் வலது கீழறை பாதிக்கப்படும் மாரடைப்பு ஒரு வகை. அந்த அறை திரும்பி வரும் ரத்தத்தை நம்பித்தான் இயங்குகிறது. நைட்ரேட் அந்த வரத்தையே குறைக்கும், நோயாளி சரிந்துவிடுவார். இது எந்த வகை என்று இ.சி.ஜி. இல்லாமல் யாரும் சொல்ல முடியாது.

3. ஆண்மைக் குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில், டடலாஃபில் போட்டவருக்கு நைட்ரேட் கூடவே கூடாது. இரண்டும் ஒரே பாதையில் தசையைத் தளர்த்துவதால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடலாஃபில் என்றால் 48 மணி நேரம் இடைவெளி வேண்டும். சில்டெனாஃபிலே ஆஞ்சைனாவுக்கு என்று ஆராயப்பட்ட மருந்துதான், வேறு பலன் தெரிந்ததும் பாதை மாறியது. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்கும் இதைத் தருகிறார்கள் என்பதால் பெண்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். மருத்துவர் கேட்கும்போது வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் இல்லை.

4. மகாதமனி வால்வு சுருங்கியவர்களுக்கும், இதயச் சுவர் தடித்து வழியை மறிக்கும் நோய் உள்ளவர்களுக்கும் இதனால் மயக்கமும் அதற்கு மேலும் நேரலாம். குடித்திருந்தாலும் பிரஷர் கூடுதலாக விழும்.

5. வலி நின்றதும் ‘மாரடைப்பு இல்லை’ என்றோ ‘இதய வலிதான்’ என்றோ முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இதய நோய் இருந்தவர்களில் 35 சதவீதம் பேருக்கும் இல்லாதவர்களில் 41 சதவீதம் பேருக்கும் நைட்ரோகிளிசரினால் நெஞ்சு வலி குறைந்தது. உணவுக்குழாய்த் தசை பிடித்துக்கொண்டாலும் நைட்ரேட் அதைத் தளர்த்திவிடும். ‘கேஸ் பிடிச்சுக்கிச்சு’ என்று சோடா குடித்துக் காத்திருப்பதும், சார்பிட்ரேட் போட்டு வலி குறைந்ததும் தூங்கப் போவதும் ஏறக்குறைய ஒரே தவறுதான்.

இந்தக் காத்திருப்பின் விலை அதிகம். உறைந்த கட்டியை ஊசியால் கரைப்பதோ ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைப்பதோ எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு இதயத் தசை மிஞ்சும். சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் பெரிய இதய மருத்துவமனைகளோடு இணைத்துத் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் வெளியான அதன் முடிவுப்படி, இணைப்புக்குப் பின் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்தில் இருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். தாளவாடியில் இருப்பவர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கித்தான் சத்தியமங்கலத்துக்கே வர முடியும். அப்படிப்பட்ட ஊர்களில் வலி குறைகிறதா பார்ப்போம் என்று போகும் அரை மணி நேரத்துக்கு ஈடே கிடையாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்கள் செய்ய வேண்டியது: முதலில் உட்காருங்கள். நின்றபடி போட்டால் தலை சுற்றி விழுந்து மண்டை உடையும் வாய்ப்பு உண்டு. ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுங்கள், விழுங்கினால் பலன் தாமதமாகும். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றாலோ கூடினாலோ 108க்கு அழைத்துவிடுங்கள். இரண்டாவது மாத்திரை போடலாமா என்பதை அழைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாட்டிலில் வரும் நைட்ரோகிளிசரின் மாத்திரை காற்றிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். கரூர் வெயிலில் கார் டேஷ்போர்டில் கிடந்த பாட்டிலை நம்பக் கூடாது.

எழுதிக் கொடுக்கப்படாதவருக்கு வியர்வையோடு நெஞ்சு அழுத்தம் வந்தால் முதல் வேலை 108. அஸ்பிரின் ஒவ்வாமை இல்லாதவர், வயிற்றுப் புண்ணால் ரத்தம் போகாதவர், வாய் கோணல், கை கால் இழுப்பு எதுவும் இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் அளவு அஸ்பிரினை மென்று விழுங்கலாமா என்று அந்த அழைப்பிலேயே கேட்டுவிடலாம். ஆம்புலன்ஸ் வந்ததும் எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்லி, காலிப் பட்டையையும் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்துக் கொடுக்கப்போகும் மருந்தை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.